நாலு கோடு நோட்டும் நாலு கேள்விகளும்

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் பையன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான், இடது கைப் பழக்கம். அவனோட இங்கிலீஷ் நோட்டைச் சும்மா புரட்டிக்கிட்டிருந்தேன். ஒரு பக்கத்தில் டிக்டேஷன், பத்து சொற்கள். பத்திலும் ஸ்பெல்லிங் சரி. ஆனா மார்க் பத்துக்கு அஞ்சு.

"எல்லாம் சரியாத்தானேடா இருக்கு, ஏன் அஞ்சு?"

"சேர்த்து எழுதல மாமா. பிரிச்சுப் பிரிச்சு எழுதிட்டேன்."

முந்தின பக்கத்தில் அவன் சேர்த்து எழுதியிருந்ததைக் காட்டி, இதை வாசின்னு சொன்னேன். மூணாவது சொல்லில் நின்னுட்டான். அவன் கையால் எழுதினதை அவனாலேயே வாசிக்க முடியல.

கர்சிவ் எழுத்தைப் பள்ளியில் தொடர்ந்து சொல்லிக் கொடுக்கணுமா என்கிற விவாதம் உலகம் முழுக்க நடக்குது. அமெரிக்காவில் 2010-இல் வந்த காமன் கோர் பாடத்தர நெறிகளில் தட்டச்சு இருந்தது, கர்சிவ் இல்லை. பல மாநிலங்கள் அதைக் கைவிட்டன. பிறகு காற்று திசை மாறியது. ஒவ்வொரு மாநிலமாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். கலிஃபோர்னியாவில் 2023 அக்டோபரில் கையெழுத்தான சட்டம், 1 முதல் 6-ஆம் வகுப்பு வரை கர்சிவ் கற்பிக்கச் சொல்கிறது. பின்லாந்து 2016-இல் எதிர்த் திசையில் போனது. அங்கே கர்சிவ் கட்டாயமில்லை, பிரித்தெழுதவும் விசைப்பலகையில் தட்டவும் கற்றால் போதும்.

இரண்டு பக்க வாதங்களையும் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். கர்சிவுக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதைச் சுருக்கினால் நாலு கேள்விகளில் அடங்கிவிடும். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஒன்று: மூளைக்கு நல்லதா?

அதிகமாகக் கேட்கிற வாதம் இதுதான். "கர்சிவ் எழுதினால் மூளை வளரும்னு ஆய்வு சொல்லுது" என்று வாட்ஸ்அப்பில்கூட வருகிறது. அந்த ஆய்வுகள் எதை எதோடு ஒப்பிட்டன என்று பார்த்தால் கதை வேறு.

இந்தியானா பல்கலைக்கழகத்தின் கரின் ஜேம்ஸ் 2012-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. இன்னும் வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகள் எழுத்துகளைக் கையால் எழுதினார்கள், தடம் பார்த்து வரைந்தார்கள், விசையைத் தட்டினார்கள். பிறகு எம்.ஆர்.ஐ. கருவியில் வைத்து அதே எழுத்துகளைக் காட்டியபோது, வாசிப்போடு தொடர்புடைய மூளைப் பகுதிகள் கையால் எழுதிப் பழகிய எழுத்துகளுக்குத்தான் நன்றாக இயங்கின. நல்ல முடிவுதான். ஆனால் அந்தக் குழந்தைகள் எழுதியது கர்சிவ் இல்லை, தனித்தனி அச்செழுத்து.

நார்வேயில் ஆட்ரி வான் டெர் மேர் குழு 2024-இல் வெளியிட்ட ஆய்வில் கர்சிவ் வருகிறது. 36 பல்கலைக்கழக மாணவர்கள் தொடுதிரையில் டிஜிட்டல் பேனாவால் கர்சிவில் எழுதினார்கள், அதே சொற்களை ஒற்றை விரலால் தட்டவும் செய்தார்கள். எழுதும்போது மூளைப் பகுதிகளுக்கு இடையே தொடர்பு கூடுதலாக இருந்தது என்று ஈ.ஈ.ஜி. பதிவுகள் காட்டின. ஆனால் பிரித்தெழுதும் பிரிவு அந்த ஆய்வில் இல்லை. அவர்களுக்கு எவ்வளவு நினைவில் நின்றது என்று சோதிக்கவும் இல்லை.

ஆக, இந்த ஆய்வுகளை வைத்து "விசைப்பலகையைவிடக் கை நல்லது" என்று சொல்லலாம். "பிரித்தெழுதுவதைவிடச் சேர்த்தெழுதுவது நல்லது" என்று சொல்ல முடியாது. இட்லி உடம்புக்கு நல்லதுன்னு நிரூபிச்சுட்டு, அதனால சட்னி தேங்காயில்தான் அரைக்கணும்னு சொல்ற மாதிரி இருக்கு.

இரண்டு: வேகம் வருமா?

இந்தக் கேள்வியை நான் லேசாகத் தள்ள மாட்டேன். அமெரிக்கக் குழந்தை நாளைக்கு மடிக்கணினியில் தேர்வு எழுதிவிடும். நம்ம ஊர்க் குழந்தை பிளஸ் டூ பொதுத் தேர்வையும் கையால்தான் எழுதியாக வேண்டும். யு.பி.எஸ்.சி. மெயின்ஸ் வரைக்கும் அதே கதைதான். மூணு மணி நேரம், நீட்டி எழுத வேண்டிய விடைகள், விரல் நோவு. இங்கே வேகம் என்பது மார்க். அதனால் "இனி யாரு சார் கையால எழுதப்போறா?" என்கிற மேல்நாட்டு வாதம் இங்கே செல்லாது.

ஆனால் வேகம் கர்சிவால்தான் வருகிறதா? ஸ்டீவ் கிரஹாமும் சக ஆய்வாளர்களும் 1998-இல் 4 முதல் 9-ஆம் வகுப்பு வரையிலான 600 மாணவர்களின் எழுத்தை ஆராய்ந்தார்கள். வேகமாக எழுதியவர்கள் முழுக்கச் சேர்த்தெழுதியவர்களும் இல்லை, முழுக்கப் பிரித்தெழுதியவர்களும் இல்லை. இரண்டையும் கலந்து எழுதியவர்கள்தான். கைக்கு எங்கே வசதியோ அங்கே சேர்ப்பது, எங்கே இடறுமோ அங்கே பேனாவைத் தூக்குவது.

இதற்கு ஆய்வே வேண்டாம், தமிழைப் பாருங்கள். தமிழுக்குக் கர்சிவ் என்று பள்ளியில் ஒரு பாடம் கிடையாது. ‘க’வையும் ‘ட’வையும் இப்படி இணைக்கணும் என்று யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. ஆனாலும் பத்திரம் எழுதுபவர்கள் எழுதியதைப் பார்த்திருப்பீர்கள். பழைய இன்லேண்டு லெட்டர்களைப் பார்த்திருப்பீர்கள். என் தாத்தா மூணு பக்கக் கடிதத்தை ஒரே மூச்சில் எழுதுவார், பாதி எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடும். நிறைய எழுதினார், கை தானே வழி கண்டுபிடித்துக்கொண்டது. ஒரு மொழிக்காரர்கள் மொத்தப் பேரும் கர்சிவ் பாடமே இல்லாமல் வேகமாக எழுதக் கற்றிருக்கிறார்கள் என்றால், அந்தப் பாடம் இல்லாவிட்டால் வேகம் வராது என்ற வாதம் நிற்காது.

மூன்று: பழைய ஆவணங்களை வாசிக்க முடியாமல் போகுமே?

அமெரிக்காவில் இப்போது பலமாக எழும் வாதம் இது. ஹார்வர்டின் முன்னாள் தலைவரும் வரலாற்றாசிரியருமான டிரூ கில்பின் ஃபாஸ்ட், தன் வகுப்பு மாணவர்கள் பலருக்குக் கர்சிவ் வாசிக்கவே தெரியவில்லை என்று 2022-இல் எழுதினார். உள்நாட்டுப் போர்க் காலக் கடிதங்கள் அவர்களுக்கு அந்நிய லிபி மாதிரி ஆகிவிட்டன. பாட்டி எழுதின கடிதத்தைப் பேரன் வாசிக்க முடியாது என்பது உண்மையான இழப்பு.

இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கு. மராத்தி மொழியை எழுதப் பயன்பட்ட மோடி எழுத்து. பேனாவை அடிக்கடி தூக்காமல் விரைவாக எழுதுவதற்கான சேர்த்தெழுத்து அது. மேல்கோட்டைப் பக்கம் முழுக்க முதலிலேயே இழுத்துவிட்டு, அதில் தொங்கவிட்டபடி எழுதிக்கொண்டே போவார்கள். அரசுக் கணக்கு, கடிதம், நில ஆவணம் எல்லாம் அதில்தான். அச்சுக்குத் தேவநாகரி வசதியாக இருந்தது. 1950 வாக்கில் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் மோடி வழக்கொழிந்தது. இன்றைக்கு அந்த ஆவணங்கள் மலையாகக் குவிந்திருக்கின்றன, வாசிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். தஞ்சாவூரை மராட்டியர் ஆண்டதால் நமக்கும் இதில் பங்குண்டு. சரஸ்வதி மகால் நூலகத்தில் மோடி ஆவணங்கள் இருக்கின்றன. தமிழ்ப் பல்கலைக்கழகம் அவற்றில் ஒரு பகுதியைத் தமிழாக்கம் செய்து வெளியிட்டதால்தான் என்னைப் போன்றவர்களுக்கு அதன் உள்ளடக்கம் கொஞ்சமாவது தெரிய வருகிறது.

மோடியைப் படித்தபோது, கர்சிவ்காரர்கள் சொல்வது சரிதானோ என்று ஒரு நாள் முழுக்கத் தோன்றியது. அப்புறம் யோசித்தால், இழந்தது வாசிக்கும் திறனை. அதைக் காப்பாற்ற எல்லாக் குழந்தையும் அழகாக எழுதியே ஆகணுமா?

என் கையைச் சோதித்துப் பார்த்தேன். 1978-இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற பிறகு பள்ளிக்குப் போனவன் நான். தும்பிக்கை வைத்த பழைய ‘லை’யை, பழைய ‘றா’வை நான் ஒருமுறைகூட எழுதியதில்லை. எழுதச் சொன்னால் தடுமாறுவேன். ஆனால் அந்தக் காலப் புத்தகங்களைத் தடங்கல் இல்லாமல் வாசிக்கிறேன். யாரும் வகுப்பெடுக்கவில்லை, நாலு புத்தகம் புரட்டியதில் வந்தது. கையெழுத்து அச்சைவிடக் கடினம்தான், ஒத்துக்கொள்கிறேன். அதற்கும் சில வாரம் உட்கார்ந்து வாசித்துப் பழகினால் போதும். வருஷக்கணக்கில் நாலு கோடு நோட்டை நிரப்பத் தேவையில்லை. இன்னும் கடினமானவற்றை நிபுணர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஓலைச்சுவடியில் புள்ளி இருக்காது, காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். அதை வாசித்துத்தான் உ.வே.சா. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அதற்காக ஊரில் உள்ள எல்லாப் பிள்ளைகளும் எழுத்தாணி பிடிக்கணும்னு யாரும் கேட்கலையே.

நான்கு: ஒழுங்கும் அழகும் வருமே?

வரும். அழகான கர்சிவ் எனக்கும் பிடிக்கும். கோகோ கோலா பெயர் எழுதியிருப்பதும் 19-ஆம் நூற்றாண்டின் ஸ்பென்சரியன் கர்சிவ் பாணிதான். ஆனால் அந்த எழுத்துமுறைகள் எதற்காகப் பரவின என்பதை மறந்துவிடுகிறோம். தட்டச்சு இயந்திரம் பரவாத காலத்தில் வணிக நிறுவனங்களுக்கு வேகமாக, ஒரே மாதிரி எழுதும் குமாஸ்தாக்கள் தேவைப்பட்டார்கள். ஸ்பென்சர் முறையும் அதற்குப் பின் வந்த பால்மர் முறையும் அந்தத் தேவையில் வளர்ந்தவை. வேலைக்கான திறமையாக இருந்தது, அந்த வேலை போனபின் ஒழுக்கமாக மாறிவிட்டது. ‘கையெழுத்து நன்றாக இருந்தால் தலையெழுத்து நன்றாக இருக்காது’ என்று நம்ம ஊரில் சொல்வார்களே, அவர்கள் குமாஸ்தாக்களை நிறையப் பார்த்திருப்பார்கள் போல!

இங்கே எனக்கு எதிரான ஒரு சாட்சியையும் சொல்லிவிடணும். பிரான்சில் குழந்தைகள் ஆறு வயதிலேயே கர்சிவ்தான் எழுதுகிறார்கள். அழகாகவும் எழுதுகிறார்கள். ஆகவே "சின்னப் பிள்ளைக்குக் கர்சிவ் முடியாது" என்று நான் சொல்ல முடியாது. ஆனால் அங்கே அதைக் கற்பிக்கிறார்கள். எங்கே தொடங்கணும், எந்தப் பக்கம் சுழிக்கணும், பேனாவை எப்படிப் பிடிக்கணும் என்று நேரம் ஒதுக்கிக் காட்டுகிறார்கள். அதற்கென்றே கோடு போட்ட தாள் அங்கே வழக்கத்தில் இருக்கிறது.

நம்ம பள்ளிகள் பலவற்றில் நடப்பது வேறு. மேல் வரியில் டீச்சர் ஒரு மாதிரி எழுதிக் கொடுப்பார், கீழே பத்து வரி பார்த்து எழுதிட்டு வரணும். கை எப்படி நகர்ந்தது என்று யாரும் பார்ப்பதில்லை, வந்து விழுந்த வடிவத்துக்கு மார்க். அதுவும் பாடப்புத்தகத்தில் இருப்பது அச்செழுத்து. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, கர்சிவில் பெரிசு, கர்சிவில் சின்னது என்று 26 எழுத்துக்கு 104 வடிவங்கள். கூடவே தமிழ். இதில் இடது கைப் பிள்ளை என்றால், பேனாவை இழுப்பதற்குப் பதில் தள்ளிக்கொண்டே போகணும், எழுதியதை அவன் கையே மறைக்கும். கற்றுக்கொடுக்காத ஒன்றுக்குத் தேர்வு மட்டும் வைப்பதுதான் என் புகார். கர்சிவ் மீது எனக்குப் பகை இல்லை.

எனவே என் முடிவு இது. கையால் எழுதுவதைப் பள்ளிகள் விடக் கூடாது, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. முதல் மூணு வருஷம் பிரித்து, தெளிவாக, தமிழையும் ஆங்கிலத்தையும் எழுதப் பழகட்டும். தமிழ் எழுத்தை எங்கே தொடங்கி எங்கே முடிக்கணும் என்று கற்றுக்கொடுக்கவும் அந்த நேரத்தில் கொஞ்சம் ஒதுக்கட்டும். நாலாவது, அஞ்சாவதில் கர்சிவை வாசிக்கச் சொல்லித் தரட்டும், பிடித்தவர்கள் எழுதட்டும். ஸ்பெல்லிங் தேர்வில் ஸ்பெல்லிங்குக்கு மட்டும் மார்க் போடட்டும். கடைசியாகச் சொன்னதற்குச் சட்டமோ பாடத்திட்ட மாற்றமோ வேண்டாம், நாளைக்கே செய்யலாம்.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். "நீ சொல்றதெல்லாம் சரிதான்டா, ஆனா டீச்சர் கோவிச்சுக்கிட்டா அவன்தானே அனுபவிக்கணும்" என்றாள். நியாயமான பயம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, டைரியை எடுத்துப் பணிவாக நாலு வரி எழுதினாள்: பையனுக்கு அவன் எழுதியதே வாசிக்க வரவில்லை, கொஞ்ச நாளைக்குப் பிரித்தெழுத அனுமதிக்க முடியுமா என்று. அக்காவும் நானும் ஒரே பள்ளியில் ஒரே நாலு கோடு நோட்டில் கர்சிவ் எழுதி வளர்ந்தவர்கள். அவள் எழுதினதைப் பார்த்தேன். பாதி எழுத்து சேர்ந்திருந்தது, பாதி பிரிந்திருந்தது.

டீச்சரிடமிருந்து இன்னும் பதில் வரல. வந்தா எழுதுறேன்.