கறுப்புக் கோடு போகும் வழி

மரத்தில் கடைந்த குடுவை ஒன்றைக் காட்டினால் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "தண்ணி ஊத்தலாமா?" ஊற்றக் கூடாது, அதற்காகச் செய்ததும் இல்லை. இரண்டாவது கேள்வி, "இத்துப்போன மரமா இருக்கே, இதுக்கா இவ்வளவு விலை?" அத்தோடு அடுத்த மேசைக்குப் போய்விடுகிறார்கள். ஐம்பொன் சிலையில் ஏறிய பச்சைக் களிம்பை வாய் ஓயாமல் புகழ்கிறவர்கள், மரத்தில் பூஞ்சை என்றதும் முகம் சுளிப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். விழுந்த மரம் ஈரத்தோடு தரையில் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். முழுக்க இற்றுப்போகும் முன் எடுத்து உலர்த்தினால், ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் பூஞ்சையின் வேலை நின்றுவிடும். அதுவரை அது உண்டாக்கிய நிறமும் கோடும் மரத்திலேயே தங்கிவிடும். இதற்கு ஸ்பால்டிங் என்று பெயர். மேப்பிள், பீச், பிர்ச் போன்ற வெளிர்நிற மரங்களில் நன்றாக வரும். நம் மாமரத்திலும் புளியமரத்திலும் வரும். கட்டையை லேத்தில் பூட்டி முதலில் வெளிப்புறத்தைக் கடைவார்கள். பிறகு சிறிய வாய் வழியாக வளைந்த உளியை விட்டு உள்ளே குடைவார்கள். அங்கே கண்ணுக்கு வேலையில்லை. கையில் தெரியும் அதிர்வும், சுவர் மெலிய மெலிய மாறும் சத்தமும்தான் வழிகாட்டி.

இதைக் கலையாக நிலைநாட்டியவர்கள் அமெரிக்கர்கள். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த மெல்வின் லிண்ட்குவிஸ்டும் அவர் மகன் மார்க்கும், விறகென்று ஒதுக்கிய மரத்தை லேத்தில் ஏற்றினார்கள். மார்க் 1977-இல் ‘ஃபைன் உட்வொர்க்கிங்’ இதழில் ஸ்பால்டிங் மரத்தைப் பற்றி எழுதினார். அதே காலத்தில் டேவிட் எல்ஸ்வொர்த், வளைந்த உளிகளால் சிறு துளை வழியே குடைந்து மெல்லிய சுவர்களைக் கொண்டுவந்தார். வரலாறு இவ்வளவு போதும். இனிதான் விஷயம்.

ஸ்பால்டிங் என்ற ஒரே பெயருக்குள் மூன்று சங்கதிகள் இருக்கின்றன: மரம் வெளுப்பது, மரத்தில் நிறம் ஏறுவது, மரத்துக்குள் கறுப்புக் கோடு விழுவது. பார்க்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நிறத்தைப் பார்த்து மயங்குகிறார்கள். நிறத்தை நான் பழிக்கவில்லை. குளோரோசிபோரியா என்ற பூஞ்சை ஏற்றும் நீலப்பச்சையை இத்தாலிய மர ஒட்டுவேலைக் கலைஞர்கள் பதினைந்தாம் நூற்றாண்டிலேயே பயன்படுத்தினார்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள குப்பியோ அறையில் அந்தப் பச்சையை இன்றும் பார்க்கலாம். ஆனால் தட்டையான பலகைக்கு நிறம் போதும். குடுவைக்குக் கோடுதான் உயிர்.

ஏன் என்று சொல்கிறேன். பங்காளிகள் வரப்பு போட்டு வயலைப் பிரித்துக்கொள்வதுபோல, இரண்டு பூஞ்சைகள் சந்திக்கும் இடத்தில் தத்தம் எல்லையைக் காக்க மெலனின் என்ற கறுப்புப் பொருளால் அடைப்பு எழுப்புகின்றன. சில சமயம் ஒரே பூஞ்சை தன்னைச் சுற்றியும் இப்படி எழுப்பிக்கொள்ளும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: கட்டைக்குள் அது கோடே இல்லை. மரத்துக்குள் வளைந்தும் மடிந்தும் போகும் மெல்லிய சுவர் அது. உளி அந்தச் சுவரை வெட்டிய இடம்தான் நமக்குக் கோடாகத் தெரிகிறது. நேர்குத்தாக வெட்டினால் முடியளவு கோடு. சாய்வாக வெட்டினால் அதே சுவர் அகன்று புகைபோலப் பரவும். குடுவையின் வயிறு அந்தச் சுவரின் மேட்டை உரசிக்கொண்டு போனால் முழு வளையமாக மூடிக்கொள்ளும். ஆக, ஒவ்வொரு வளைவும் கோட்டின் போக்கை மாற்றுகிறது. கட்டையின் மையத்தை லேத்தில் அரை அங்குலம் நகர்த்திப் பூட்டினாலே வேறு குடுவை வந்துவிடும். தேர்ந்த கடைசல்காரர் தோளை எங்கே அகட்டுவது, எங்கே ஒடுக்குவது என்பதைக் கோட்டோடு சேர்த்தே முடிவு செய்கிறார். நிறம் எந்த வடிவத்தையும் பொருட்படுத்தாது. உருண்டையிலும் இருக்கும், பலகையிலும் இருக்கும். கோடு அப்படியல்ல.

அடுத்த முறை ஒரு குடுவை கையில் கிடைத்தால், வயிற்றைப் பார்க்காதீர்கள், விளிம்பைப் பாருங்கள். வெளியே ஏறிவரும் கோடு விளிம்பின் தடிப்பைக் குறுக்கே கடந்து உள்பக்கம் இறங்க வேண்டும். கைபேசி விளக்கை உள்ளே காட்டுங்கள். அதே கோடு சற்று இடம் தள்ளி ஓடும். சூட்டுக்கோலால் கோடு இழுத்து விற்கும் போலி விளிம்போடு நின்றுவிடும்.

பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, கோட்டின் மேல் நகத்தைக் குறுக்காக ஓட்டுங்கள். இற்ற பகுதி மெத்தென்று இருக்கும். கோடு இருக்கும் இடம் கெட்டி. மொண்ணை உளியால் கடைந்து, குறையை உப்புத்தாளால் சரிக்கட்டப் பார்த்தவர் குடுவையில் மெத்து பள்ளமாகி, கோடு நகத்தில் தட்டும். நல்ல வேலையில் தட்டாது. மெத்தான இடத்தை நீர்போன்ற சயனோஅக்ரிலேட் பசையால் இறுக்கி, உளியை அடிக்கடி தீட்டி, இழை பிய்யாமல் கடைந்திருப்பார்கள். பசையைத் திட்டுத்திட்டாக விட்டிருந்தால் அந்தத் திட்டுகள் பூச்சுக்கு அடியிலும் காட்டிக்கொடுக்கும்.

பூச்சு விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுக்கவே மனமில்லை. எண்ணெய் தடவினால் வெளுத்த பகுதி மஞ்சளாகும். இற்ற இடம் அதிகமாகக் குடித்துக் கறுக்கும். வெண்மைதான் கறுப்புக் கோட்டைத் தாங்கி நிற்கிறது, அதைக் கெடுக்கலாமா? தண்ணீரில் கரையும் அரக்குப் பூச்சை மெல்லிசாகத் தெளித்தால் போதும். கண்ணாடிபோலப் பளபளக்கும் கனத்த பூச்சு வெறும் ஆடம்பரம். வெடிப்பில் நீல ரெசின் ஊற்றும் இப்போதைய மோகம் அதைவிட மோசம். பூஞ்சை பல மாதம் உழைத்ததன் மேல் பிளாஸ்டிக்கை ஊற்றுகிறார்கள். சுவர் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து பரிசு கொடுக்கும் நடுவர்களுக்கும், ‘கைவினையா கலையா’ என்று பக்கம் பக்கமாக எழுதும் விமர்சகர்களுக்கும் ஒரே வேண்டுகோள்: முதலில் விளிம்பைப் பாருங்கள்.

வீட்டில் வைத்தால் பூஞ்சை பரவுமா என்று பயப்பட வேண்டாம். உலர்ந்த மரத்தில் அது வளராது. மூச்சுக்கு ஆபத்து கடையும்போது எழும் தூசியில்தான். அதனால்தான் கடைபவர் முகமூடி போட்டுக்கொள்கிறார்.

உங்களிடம் மனம்விட்டு ஒன்று சொல்கிறேன். கோடு ஓடிய புளிய மரத்துக்கு வெளிநாட்டுக் கடைசல்காரர்களிடம் தனி மவுசு. இங்கே புளி கறிக்கடைக் கட்டையாகிறது. மழையில் கிடந்து கோடு விழுந்ததோ செங்கல் சூளைக்குப் போகிறது. எனக்கு வயிறு எரிகிறது. மரவாடிப் பக்கம் போனால், அறுத்துப் போட்ட மா, புளிக் கட்டைகளின் முகத்தைப் பாருங்கள். கறுப்புக் கோடு தெரிந்தால் விறகு விலைக்கே கேட்டு வாங்குங்கள். மழை படாத நிழலில் காயவைத்து, உங்கள் ஊர்க் கடைசல் பட்டறையில் கொடுத்துப் பாருங்கள்.