தடியும் குப்பைத்தொட்டியும்

புரட்டாசியில் கனகம்மாசத்திரம் வழியா திருப்பதிக்கு நடந்து போறவங்களை சின்ன வயசுலேர்ந்து பார்க்கிறேன். 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்றது. தேவஸ்தானம் நடப்பவர்கள் கையில் தடி கொடுத்தது. எல்லாரும் தடியைக் கிண்டல் செய்தார்கள். விலங்குகளுக்குத் தீனி போடாதீர்கள், கடைக்காரர்கள் கழிவை வெளியே கொட்டாதீர்கள் என்றும் அப்போது சொன்னார்கள். என் கணக்கில் உருப்படியான விஷயம் அதுதான். அதைப் பேசினவங்களை நான் அதிகம் பார்க்கலை.

அந்தப் பாதையில் கரடியும் வருது. கரடி விஷயத்தில் நீலகிரியைப் பாருங்கள். கோத்தகிரி, குன்னூர் பக்கம் கோயில் கதவை உடைத்து விளக்குக்கு வைத்த எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகும். செய்தித்தாளில் 'கரடி அட்டகாசம்' என்று தலைப்பு. நம்ம கரடிக்கு மேல்தாடையில் முன்பற்கள் இரண்டு கிடையாது. அந்தச் சந்து வழியா கரையானை உறிஞ்சித் தின்பதற்கான வாய் அது. புற்றை மணிக்கணக்காகத் தோண்டிக் கிடைப்பது, ஒரு டின் எண்ணெயில் ஐந்து நிமிடத்தில் கிடைத்தால்? இதுக்கு அட்டகாசம்னு பேர் வைக்கிறது அநியாயம். குட்டியும் தாய் முதுகில் உட்கார்ந்தபடியே இதைக் கற்றுக்கொள்கிறது.

சரி, பழகிவிட்ட கரடியை என்ன செய்வது? 1972 வனவிலங்குச் சட்டப்படி, பிடிக்கவோ மயக்கவோ இடம் மாற்றவோ முடியாது என்று தலைமை வன உயிரினக் காப்பாளர் உறுதியானால்தான் கொல்ல உத்தரவிடலாம். அதனால் எல்லாரும் இடமாற்றத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். அரிக்கொம்பனை 2023 ஏப்ரல் 29ல் சின்னக்கானலில் பிடித்து பெரியாறில் விட்டார்கள். மே 27ல் கம்பம் ஊருக்குள் நின்றது. இடம் மாறியது, அரிசி ருசி மாறலை. யானைக்கு நடந்தது கரடிக்கு நடக்காதா?

குப்பையை மூடுவதிலும் சிக்கல் உண்டு. அமெரிக்காவின் யெல்லோஸ்டோனில் 1970 வாக்கில் குப்பைமேடுகளை மூடினார்கள். படிப்படியா மூடுங்கள் என்று கிரெய்க்ஹெட் சகோதரர்கள் வாதாடினார்கள், பூங்கா கேட்கவில்லை. பசித்த கரடிகள் கூடாரங்களுக்கு வந்து நிறைய செத்தன. 1975ல் அவற்றை ஆபத்திலுள்ள இனமாக அறிவிக்க வேண்டியதாயிற்று.

ஆகவே இடமாற்றத்தை நான் நம்பலை. மனிதரைத் தாக்கிய கரடியை வண்டலூர் மாதிரி இடத்தில் வைத்துவிடலாம். மற்றவற்றை அங்கேயே விட்டு, உணவைக் கொஞ்சம் கொஞ்சமா எட்டாமல் செய்யணும். கோயில் எண்ணெயைப் பூசாரி வீட்டுக்கு எடுத்துப் போனால் கரடி அங்கே வரும். பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டிதான் வேணும், அதுவும் கோயிலிலேயே.