நம் வீட்டுச் சுவரும் அரூப ஓவிய அச்சுகளும்

தில்லியில் ஒரு வீடு தமிழர் வீடுதானா என்று அறிய வாசல் கோலத்தைக்கூடப் பார்க்க வேண்டாம். உள்ளே சுவரில் தொங்கும் சிவகாசித் தினசரி காலண்டரே சொல்லிவிடும். பக்கத்தில் ஒரு லட்சுமி, ஒரு முருகன், மறைந்த பெரியவர்களின் புகைப்படம். ராமகிருஷ்ணபுரம் அரசுக் குடியிருப்பில் நாங்கள் குடியிருந்த நாட்களில் எங்கள் சுவரும் இப்படித்தான் இருந்தது. அந்தச் சுவரில் அரூப ஓவியத்தின் அச்சு ஒன்றை முதன்முதலாக மாட்டியபோது வந்தவர் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “என்ன சார் இது, ஒண்ணும் புரியலையே?”

நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது. மூல ஓவியத்தில் உள்ளது அச்சில் எவ்வளவு மிஞ்சுகிறது?

அச்சுப் படம் நமக்குப் புதிதல்ல. ராஜா ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகு அவருடைய லட்சுமியும் சரஸ்வதியும் எத்தனையோ பூஜை அறைகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பின்னாளில் கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வங்கள் சிவகாசி காலண்டர்களில் ஊர் ஊராகப் போயின. ‘இது அசல் இல்லையே’ என்று யாரும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. காகிதத்தில் அச்சாகி வந்தாலும் முருகன் முருகன்தான்.

அரூப ஓவியத்தில் அப்படி இல்லை. அங்கே வண்ணத்துக்குப் பின்னால் நிற்க ஒரு முருகன் கிடையாது. வண்ணமும் கோடும் பரப்புமே விஷயம். அவை அச்சில் கெட்டால் படமே கெட்டுவிடும். ஆகவே அரூப ஓவிய அச்சு வாங்குகிறவர் காலண்டர் வாங்குகிறவரைவிட ஒரு மடங்கு அதிகக் கவனமாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

வி. எஸ். கைதொண்டேயை எடுத்துக்கொள்வோம். 1972இல் தில்லிக்குக் குடிவந்து, 2001இல் மறைந்தவர். ரோலராலும் கத்தியாலும் வண்ணத்தை இட்டு, வழித்து, மீண்டும் இட்டு அவர் உண்டாக்கும் பரப்புக்குள்ளிருந்து வெளிச்சம் கசியும். ஜெய்ப்பூர் ஹவுஸில் உள்ள தேசிய நவீனக் கலைக்கூடம் போன்ற இடங்களில் மூலத்தின் முன் பத்து நிமிடம் நின்றவருக்கு இது தெரியும். அச்சில் பார்த்தாலோ மழையில் ஊறிய சுவர் மாதிரி இருக்கும். அவரைப் போய்ப் பார்க்க வேண்டுமே தவிர, அச்சாக வாங்கக் கூடாது.

எஸ். எச். ரஸாவுக்கு நேர்எதிர் விபத்து. அவருடைய பிந்து, அதாவது அந்தக் கரிய வட்டம், அச்சில் மிக நன்றாகவே வருகிறது. சொல்லப்போனால் அளவுக்கு மீறி நன்றாக வருகிறது. மூலத்தில் தூரிகையின் தயக்கமும் வண்ணத்தின் கனமும் உண்டு. அச்சில் அவை போய், சோஃபா உறைக்குப் பொருத்தமான வடிவம் மட்டும் மிஞ்சிவிடுகிறது. அழகுதான். ஆனால் ஆறு மாதத்தில் கண் அதைப் பார்ப்பதை நிறுத்திவிடும்.

நம் கே. எம். ஆதிமூலத்தின் மைக்கோட்டுச் சித்திரங்கள் அச்சுக்கென்றே பிறந்தவை. கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்துக்கு அவர் வரைந்தவற்றைப் பத்திரிகைத் தாளில் பார்த்தே நாம் ரசித்தோம். ஆனால் அவருடைய பிற்கால வண்ண அரூபங்கள் அச்சில் பாதி உயிரை இழக்கின்றன.

மூலம், நகல் என்ற பேச்சுக்கே இடமில்லாத அச்சுகளும் உண்டு. மரத்திலோ உலோகத் தகட்டிலோ கல்லிலோ ஓவியரே செதுக்கியோ வரைந்தோ குறிப்பிட்ட எண்ணிக்கையில் எடுக்கும் ‘கிராஃபிக்’ பிரதிகள் இவை. ஓரத்தில் பென்சிலால் 7/50 என்று எழுதியிருந்தால் ஐம்பது பிரதிகளில் அது ஏழாவது என்று பொருள்; கீழே கையெழுத்தும் இருக்கும். அலிகாரில் பிறந்து வெளிநாடுகளில் வாழ்ந்து 2020இல் மறைந்த ஸரீனா ஹாஷ்மி, தாம் விட்டு வந்த வீட்டின் நினைவை 36 மரச்செதுக்கு அச்சுகளாக 1999இல் ஆக்கினார். ஒவ்வொன்றிலும் சில கோடுகள், ஓர் உருதுச் சொல், அவ்வளவே. ‘வீடு ஓர் அந்நிய இடம்’ என்று பொருள்படும் அதன் தலைப்பை ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இங்கே என் அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். இளம் ஓவியர் ஒருவரிடம் வாங்கிய கிராஃபிக் பிரதியைச் சட்டம் போடக் கொடுத்தேன். ‘ஃப்ரேம் அளவுக்குச் சரியாக’ வரும்படி கடைக்காரர் ஓரத்தை வெட்டிவிட்டார். எண்ணும் போச்சு, கையெழுத்தும் போச்சு. ஓரம் வெறும் காகிதம் என்று அவர் நினைத்ததில் தப்பில்லை. சொல்லாதது என் தப்பு. அமிலமற்ற அட்டை வைத்து, கண்ணாடியில் படம் ஒட்டாதபடி சட்டமிடச் சொல்லுங்கள். தில்லி வெயில் நேரே விழும் சுவரும், கூலரின் ஈரக்காற்று அடிக்கும் சுவரும் வேண்டாம். முன்னதில் சாயம் வெளுக்கும், பின்னதில் பூஞ்சணம் பூக்கும்.

இத்தனைக்கும் பிறகு எங்கள் வீட்டில் நிலைத்த படம் எது? கோயம்புத்தூரில் 1911இல் பிறந்து, 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கிய கே. சி. எஸ். பணிக்கருடையது. 1963 முதல் அவர் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசைப் படம் ஒன்றின் சாதாரண மறுபதிப்புதான். ஒரு மாணவனின் கணக்கு நோட்டிலிருந்து பிறந்த வரிசை அது. பக்கம் முழுக்க எழுத்துப் போன்ற கோடுகள், ஜாதகக் கட்டம் போன்ற கட்டங்கள். எந்த மொழியாகவும் வாசிக்க முடியாது. கோட்டையும் பக்க அமைப்பையும் நம்பிய ஓவியம் என்பதால் அச்சில் பெருமளவு தப்பிப் பிழைக்கிறது.

தில்லியிலேயே பிறந்து வளர்ந்த என் பேத்தி தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. ஒருநாள் அந்தப் படத்தைக் காட்டி, “தாத்தா, இதுல என்ன எழுதியிருக்கு? படிச்சுச் சொல்லுங்களேன்” என்றாள். அவளுக்கு அது தமிழ். “இது எழுத்தே இல்லைம்மா, என்னாலும் படிக்க முடியாது” என்றேன். அவள் சிரித்துக்கொண்டே, “அப்ப இந்த ஒண்ணுல நீங்களும் நானும் சமம்” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. பக்கத்தில் தொங்கிய காலண்டரின் தமிழும் இந்தப் படமும் அவள் கண்ணுக்கு ஒன்றாகவே இத்தனை வருஷம் இருந்திருக்கின்றன. நான்தான் கவனிக்கவில்லை. இப்போது ஞாயிறுதோறும் காலண்டர் தாளைக் கிழித்து எழுத்துக் கூட்டுகிறோம். மெதுவாகத்தான் போகிறது.

‘புரியலையே’ என்று கேட்ட நண்பர்களுக்கு என் பதில் இதுதான். சுவர் நிறத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்காதீர்கள். அச்சில் பிழைக்கிறதா, பத்து வருஷம் கழித்தும் வீட்டில் யாரையாவது ஒரு கேள்வி கேட்க வைக்குமா என்று பாருங்கள். ஒரு நல்ல படம் போதும். மற்ற ஆணிகளில் காலண்டரே இருக்கட்டும். அதற்கும் எங்கள் வீட்டில் இப்போது வேலை இருக்கிறது.