சிம் ரவுட்டரும் சிறு வணிகமும்

யுபிஐ என்னும் பணம் செலுத்தும் முறையும் மலிவான 4ஜி அலைபேசிச் சேவையும் 2016ஆம் ஆண்டில் ஏறக்குறைய ஒருங்கே வந்து சேர்ந்ததன் விளைவாக, அதுவரை ரொக்கத்தையும் பில் புத்தகத்தையும் மட்டுமே நம்பி நடந்துவந்த பலசரக்குக் கடையும் மருந்துக் கடையும் ஜெராக்ஸ் கடையும், இன்று இணையமின்றி ஒரு மணி நேரமும் வியாபாரம் செய்ய இயலாத நிலைமையை அடைந்திருக்கின்றன. இந்த அவசியத்தை நிறைவேற்றிக்கொள்ள வணிகர் பலர் நாடும் எளிய உபாயம், சிம் அட்டையைச் செருகினால் கடை முழுவதற்கும் வை-ஃபை அளிக்கும் ரவுட்டர். அதன் குணத்தையும் குற்றத்தையும் நடுநிலையில் நின்று சீர்தூக்கிப் பார்ப்பது, அதை நம்பிப் பணம் போடுவோருக்குப் பிரயோஜனம் தருவதாகும்.

இதன் முதற் சிறப்பு சுதந்திரம். வாடகைக் கடையின் சுவரைத் துளைக்க உரிமையாளரின் சம்மதத்தை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஃபைபர் எட்டாத ஊராயினும் டவர் எட்டினால் போதும். கடை இடம் மாறினால் இணைப்பும் கூடவே மாறும். மழைநீர் வடிகாலுக்கென்று சாலையைத் தோண்டும்போதெல்லாம் கேபிள் அறுபட்டு நாட்கணக்கில் காத்திருக்க நேரும் நகரத் தெருக்களில், அறுபடுவதற்குக் கம்பியே இல்லாத ஓர் இணைப்பின் அருமையை விவரிக்க வேண்டுவதில்லை. பெரும்பாலும் 12 வோல்ட்டில் இயங்கும் சிறு சாதனமாகையால், மின்வெட்டிலும் ஒரு சிறிய யுபிஎஸ் அதைச் சில மணி நேரம் தாங்கும். 2023இல் ஜியோவும் ஏர்டெல்லும் 5ஜி அலைவரிசையைக் கொண்டு ‘ஏர்ஃபைபர்’ என்னும் நிலையான இணைப்பை அளிக்கத் தொடங்கியதிலிருந்து, தற்காலிக ஏற்பாடாகக் கருதப்பட்ட இம்முறைக்கு ஒரு கௌரவமான ஸ்தானமும் கிடைத்துவிட்டது.

ஆயினும், ஒரு டவரின் கொள்ளளவு அதன் எல்லைக்குள் இருக்கும் அனைவருக்கும் பொதுவானது என்பதில்தான் இம்முறையின் அடிப்படைக் குறை அடங்கியிருக்கிறது. காலையில் சோதித்துப் பார்க்கும்போது அதிவேகமாக ஓடும் இணைப்பு, தீபாவளிக்கு முந்தைய மாலையில் ரங்கநாதன் தெருவைப் போன்றதொரு கடைவீதியில் ஆயிரக்கணக்கான கைபேசிகள் ஒரே நேரத்தில் விழித்திருக்கும்போது தளர்ந்துபோவது இயல்பே. வணிகருக்கு இணையம் மிகவும் தேவைப்படும் நேரமும், அது மிகவும் நலிவுறும் நேரமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன என்பதை, வாங்குமுன் எவரும் ஆழ்ந்து சிந்திப்பதில்லை.

இந்த ரவுட்டர் வழியே தொலைபேசியில் பேசுவதைப் பொறுத்தவரை பரிசீலனை இன்னும் நுட்பமாக இருக்க வேண்டும். ஜி.711 என்னும் வழக்கமான முறையில் செல்லும் ஓர் இணைய அழைப்புக்கு, தரவுப் பொதிகளின் தலைப்புத் தகவலையும் சேர்த்து விநாடிக்கு 80 கிலோபிட் அளவு வேண்டும்; தினசரி டேட்டா வரம்பு தீர்ந்ததும் வேகம் 64 கிலோபிட்டாகச் சுருங்கும் திட்டத்தை வாங்கியவரால், மாலையில் அத்தகைய ஓர் அழைப்பைக்கூடச் சரிவர நடத்த இயலாது. தவிர, அலைபேசி நிறுவனங்கள் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வாடிக்கையாளருக்குப் பங்கிட்டு அளிப்பதால், வீட்டிலிருந்து கடையின் சிசிடிவி பதிவுக் கருவியை நேரடியாக அணுக முடிவதில்லை; இணைய அழைப்பிலும் சில சமயம் ஒருவர் குரல் மட்டுமே கேட்கும் சங்கடம் நேர்கிறது. இதற்கு மாறாக, 4ஜி வழியே குரலைச் செலுத்தும் வோல்டிஇ முறையில் செல்லும் அழைப்புக்கு நெட்வொர்க்கே முன்னுரிமை அளிக்கிறது. ஆகவே, சிம் ரவுட்டர் வழியே பேச விரும்புவோர், வோல்டிஇ வசதியும் தொலைபேசி இணைக்கும் துளையும் உள்ள கருவியைத் தேர்ந்தெடுப்பதே விவேகம்.

பேரிடர்க் காலத்தை மறந்து செய்யும் எந்த மதிப்பீடும் பூரணமாகாது. பழைய செம்புக் கம்பித் தொலைபேசிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தமையால், வீட்டில் விளக்கு அணைந்த பின்னும் அது பேசியது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களைத் தாக்கியபோதோ, மின்கம்பங்கள் சாய்ந்ததுடன் அலைபேசிச் சேவையும் பல இடங்களில் முடங்கியது. டவருக்கு மின்சாரம் இல்லாதபோது, கடையிலுள்ள யுபிஎஸ் எவ்வளவு பெரியதாயினும் பயனில்லை.

இவற்றையெல்லாம் சேர்த்து நோக்குமிடத்து, ஃபைபர் கிடைக்கும் இடத்தில் சிம் ரவுட்டர் சிறந்த துணையேயன்றித் தலைமை இணைப்பாகத் தகுதி பெறாது என்பதே என் முடிவான அபிப்பிராயம். ஃபைபர் கிடைக்காத இடத்தில் அதையே ஏற்பதில் தவறில்லை. ஆனால் அதில் இடும் சிம், உரிமையாளரின் கைபேசி எந்த நிறுவனத்தைச் சேர்ந்ததோ அதற்கு வேறான நிறுவனத்தினுடையதாக இருக்கட்டும். வாங்குமுன் வணிகர் கடையின் உள்ளேயே, கூட்டம் மிகுந்த மாலை நேரத்தில், அந்த நிறுவனத்தின் வேகத்தைச் சோதிக்கட்டும். வாடிக்கையாளருக்கு அறிவித்த தொலைபேசி எண்ணை மட்டும் டேட்டா இணைப்பின் தயவில் விட்டுவிடாமல், சாதாரண அலைபேசி எண்ணாகவே வைத்துக்கொள்ளட்டும். இந்த மூன்றையும் செய்த பிறகே சிறு வணிகர்கள் இக்கருவிக்குப் பணம் கொடுக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.