கைபடாத காடு

2009-இல் பொறியியல் இரண்டாம் ஆண்டு படித்தபோது விடுதிக்கு என் பெயரில் ஒரு வெளிநாட்டுத் தபால் வந்தது. அட்டை உறைக்குள் ஓர் உபுண்டு குறுந்தகடு. விலை இல்லை, தபால் செலவும் இல்லை. இணையத்தில் முகவரியைப் பதிந்துவிட்டால் உலகத்தின் எந்த மூலைக்கும் அனுப்பிவிடுவார்கள். தபாலைக் கையில் கொடுத்த வார்டன், "எதுக்குப்பா உனக்குச் சும்மா அனுப்புறான்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது அந்தக் குறுந்தகடுதான். இன்றும் என் மடிக்கணினியில் ஓடுவது உபுண்டுதான்.

போன வருடம் அலுவலக நண்பன் ஒரு வீடியோ அனுப்பினான். கடலுக்குள் இறங்கும் பச்சை மலை, ஆளில்லாத கடற்கரை, மரங்களுக்கு அடியில் கூடாரக் கூரை போட்ட 15 வில்லாக்கள். "ஒரு தடவையாவது இங்க போயிட்டு வந்துடணும்டா" என்று கீழே எழுதியிருந்தான். பின்னணிக் குரல் அந்த இடத்தை 'மனிதக் கைபடாத மழைக்காடு' என்றது. தேடிப் பார்த்தேன். ஆப்பிரிக்காவின் மேற்கே கினி வளைகுடாவில், நிலநடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே இருக்கிற பிரின்சிப்பி தீவு. சாவோ தோமே பிரின்சிப்பி என்ற சின்ன நாட்டின் இரண்டு தீவுகளில் சிறியது. பரப்பு சுமார் 140 சதுர கிலோமீட்டர், சென்னை மாநகராட்சியில் மூன்றில் ஒரு பங்கு. மக்கள்தொகை 8,000-ஐ ஒட்டி. 2012 முதல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகம். அங்கே சூழலியல் விடுதிகளைக் கட்டியவர் மார்க் ஷட்டில்வொர்த். எனக்குக் குறுந்தகடு அனுப்பிய அதே மனிதர்.

அதனால் இந்தக் கட்டுரையைக் கடன்பட்டவனாகத்தான் எழுத முடிகிறது.

*

'கைபடாத' என்ற சொல்லில் இருந்து தொடங்கலாம். சுற்றுலா விளம்பரங்களைத் தமிழாக்கும்போது 'கன்னி நிலம்', 'தீண்டப்படாத தீவு' என்றெல்லாம் கை தானாக எழுதிவிடுகிறது. கடைசிச் சொல்லைத் தமிழில் யாரும் அப்பாவித்தனமாக எழுதிவிட முடியாது. அது ஒரு காலத்தில் மனிதர்களுக்கு வைத்த பெயர். 'கைபடாத' என்பதும் பார்க்கும் அளவுக்கு அப்பாவிச் சொல் இல்லை. எந்தக் கை என்று கேட்டால் போதும்.

1470-களில் போர்த்துக்கீசியர்கள் வந்தபோது பிரின்சிப்பியில் மனிதர்கள் இல்லை. அதற்குப் பிறகு வந்தவர்களில் பெரும்பாலோர் விரும்பி வந்தவர்கள் இல்லை. முதலில் கரும்பு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரேசிலில் இருந்து கோகோ வந்தது. ஆப்பிரிக்கக் கோகோவின் கதை தொடங்குவதே இந்தத் தீவில்தான். 1870-களில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. உடனே அங்கோலாவில் இருந்து 'ஒப்பந்தத் தொழிலாளர்கள்' கப்பலில் வந்து இறங்கினார்கள். ஒப்பந்தம் முடிந்தால் ஊருக்குத் திரும்பலாம் என்றது காகிதம். ஏறக்குறைய யாரும் திரும்பவில்லை. எங்கள் தொழிலில் சொல்வோமே, டாக்குமென்டேஷன்ல இருக்கும், கோடுல இருக்காது. அந்த வகை.

தூக்க வியாதி வந்து கூட்டம் கூட்டமாகச் செத்தபோது, 1911 முதல் 1914 வரை, செட்சி ஈயை ஒழிக்க ஒரு பெரிய இயக்கம் நடந்தது. காட்டையும் சதுப்பையும் வெட்டித் திருத்தினார்கள். தொழிலாளர்களின் முதுகில் பசை தடவிய கறுப்புத் துணியைக் கட்டி வேலைக்கு அனுப்பினார்கள். ஈ வந்து ஒட்டிக்கொள்ளும். மனித முதுகுதான் பொறி. ஈ ஒழிந்தது. 1975 விடுதலைக்குப் பின் தோட்டங்கள் நொடித்தன. காடு மெல்ல மெல்ல அவற்றின்மீது ஏறியது.

தெற்கு மலைகளில் உண்மையிலேயே பழைய காடு இருக்கிறது. மறுக்கவில்லை. ஆனால் வடக்கே விருந்தாளி பார்த்துப் பரவசப்படும் பச்சையில் பெரும்பங்கு, கைவிடப்பட்ட தோட்டத்தின்மேல் வளர்ந்த பச்சை. கைபடாத காடு அல்ல, கைகளை மறந்த காடு.

*

இந்தத் தீவுகளைப் பற்றி நாவல் ஏதாவது உண்டா என்று தேடியபோது கிடைத்தது மிகெல் சௌசா தவாரெஸ் எழுதிய 'எக்வதோர்'. 2003-இல் வெளிவந்து போர்ச்சுகலில் பெரும் விற்பனை கண்ட நூல். பீட்டர் புஷ்ஷின் ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தேன்.

கதை 1905-இல் தொடங்குகிறது. லூயிஸ் பெர்னார்டோ லிஸ்பனில் சொகுசாக வாழும் பிரம்மச்சாரி. கப்பல் கம்பெனி நடத்துகிறான். முற்போக்கான கருத்துகள் உள்ளவன். அரசர் கார்லோஸ் அவனைக் கூப்பிட்டு, நீ சாவோ தோமேவுக்கு ஆளுநராகப் போ என்கிறார். அங்கே அடிமைமுறை இல்லை என்று பிரிட்டிஷ் தூதரை நம்பவைப்பதுதான் வேலை. பின்னணி கற்பனை இல்லை. ஹென்றி நெவின்சன் என்ற பத்திரிகையாளர் அங்கோலாவில் இருந்து இந்தத் தீவுகள் வரை பயணம் செய்து 1906-இல் புத்தகமே எழுதினார். காட்பரி நிறுவனத்தின் காதுக்கு 1901-லேயே செய்தி வந்திருந்தது. இந்தத் தீவுகளின் கோகோவை வாங்குவதை அது நிறுத்தியது 1909-இல். எட்டு வருடம். நல்லவர்கள் முடிவெடுக்க நேரம் பிடிக்கும்.

நாவலில் நன்றாக வந்திருப்பது புழுக்கம். வெயில், வியர்வை, தனிமை, ஒரு மனிதனின் கொள்கை மெல்ல மெல்லப் பிசுபிசுப்பது. பிரிட்டிஷ் தூதர் டேவிட் ஜேம்சன் அசாமில் பெரிய பதவியில் இருந்து சூதாட்டத்தில் எல்லாவற்றையும் தொலைத்து இங்கே தள்ளப்பட்டவர். அந்த இந்தியப் பகுதியை விரித்து எழுதியிருக்கிறார் தவாரெஸ். எனக்கு அங்கேதான் முதலில் இடறியது. அசாமில் ஆட்சி செய்துவிட்டு வந்த ஒருவர் ஒப்பந்தக் கூலிமுறையை வேவு பார்க்க வருகிறார். அசாம் தேயிலைத் தோட்டங்களும் அதே கூலிமுறையில்தான் நடந்தன. நாவலின் கையில் இவ்வளவு பெரிய முரண் இருக்கிறது. அதை நம்பி உள்ளே இறங்காமல், தூதரின் மனைவி ஆனுக்கும் ஆளுநருக்கும் இடையிலான காதலுக்குள் போய்விடுகிறது.

காதலுக்கு நான் எதிரி இல்லை. பிரச்சினை கேமரா எங்கே நிற்கிறது என்பதில். நாவல் முழுக்க மாளிகை வராந்தாவில் நிற்கிறது. அங்கிருந்து பார்த்தால் தொழிலாளர்கள் ஒரு வரிசை, ஒரு கூட்டம், ஒரு முணுமுணுப்பு. அவர்களுக்கு என்ன செய்வது என்று நாயகன் நொந்துபோகிறான். அந்த நோவுதான் கதை. நொந்தவனுக்கு மனசாட்சி கிடைக்கிறது. வரிசையில் நிற்பவனுக்கு முகம்கூடக் கிடைப்பதில்லை. இப்படி ஒரு கதை வடிவம் இருக்கிறது: நல்ல மனிதன் ஒருவன் தீவுக்கு வருகிறான். தீவு அவனுடைய சோதனைக்களம்.

*

ஷட்டில்வொர்த்தின் பிரின்சிப்பியும் இதே கதைதான். நாவலைவிட நன்றாக எழுதப்பட்டது என்றுகூடச் சொல்வேன். 1999-இல் தன் இணையப் பாதுகாப்பு நிறுவனத்தை விற்றுப் பெரும் பணக்காரர் ஆனார். 2002-இல் விண்வெளிக்குப் போய்வந்தார். பத்து வருடத்துக்குள் இந்தத் தீவில் முதலீடு செய்யத் தொடங்கினார். அவருடைய நிறுவனத்தின் பெயர் எச்.பி.டி. விரித்தால் 'இங்கே டிராகன்கள் உண்டு' என்று பொருள். அறியப்படாத இடங்களுக்குப் பழைய நிலப்படங்களில் போடும் வாசகமாகச் சொல்லப்படுவது. மறுபடியும் ஆளில்லாத நிலம்.

அவர் புதுப்பித்து விடுதியாக்கிய இடங்களில் ஒன்று ரோசா சுண்டி. ரோசா என்றால் தோட்டம். இயற்பியல் படித்தவர்களுக்குத் தெரிந்த பெயர். 1919 மே 29 சூரிய கிரகணத்தை எடிங்டன் படம்பிடித்து ஐன்ஸ்டைனின் கோட்பாட்டைச் சோதித்தது இங்கேதான். அதற்கு ஒரு நினைவுப் பலகை உண்டு. எடிங்டன் குழுவின் அறிக்கையில் ஒரு வரி வருகிறது. சாமான்கள் பெரும்பாலும் டிராம் வண்டியில் வந்தன. இடையில் சுமார் ஒரு கிலோமீட்டர் மட்டும் காட்டுவழியே உள்ளூர்ச் சுமைகூலிகள் தூக்கி வந்தார்கள். அவ்வளவுதான். ஒளி வளைந்ததை உலகம் அறிந்துகொண்டது அந்த ஒரு கிலோமீட்டர் முதுகுகளின் புண்ணியத்தில். அவர்கள் பெயர் அறிக்கையில் இல்லை.

அந்தக் கூலிகள் வாழ்ந்த வரிசைக் குடியிருப்புக்கு சன்சாலா என்று பெயர். சுண்டியில் விடுதி வந்தபோதும் அங்கே குடும்பங்கள் இருந்தன. அவர்களுக்காகப் புதிய வீடுகள் கட்டப்பட்டன. அந்தக் குடியேற்றத்தின் பெயர் தெர்ரா புரொமெத்திதா, வாக்களிக்கப்பட்ட பூமி. பழைய வீடுகளைவிட அந்த வீடுகள் நல்லவைதான்.

இந்த இடத்தில் என் அம்மாச்சியைச் சொல்ல வேண்டும். வால்பாறையில் லைன் வீட்டில் பிறந்து, கொழுந்து கிள்ளி, என் அம்மாவை அங்கேயே பெற்றவர். இலங்கையில் லயம் என்பார்களே, அதே வரிசை வீடு. சில வருடங்களுக்கு முன் ஒரு பழைய எஸ்டேட் பங்களா தங்கும் விடுதியாக மாறியதைக் கேள்விப்பட்டு, அவரை அழைத்துப்போய் ஒருநாள் தங்கவைக்கலாமா என்று கேட்டேன். "பங்களாவுக்கா? முன்வாசல் வழியா விடுவாங்களாப்பா?" என்றார். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார். 'எரியும் பனிக்காடு' படித்தபோது வராத அழுகை அன்றைக்கு வந்தது. சன்சாலாவைக் காலிசெய்து போனவர்களில் ஒரு பாட்டியாவது அப்படி ஒரு கேள்வியைக் கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

*

நண்பனிடம் இதையெல்லாம் சொன்னபோது கடுப்பாகிவிட்டான். "சரி, அந்த ஆளு வரலைன்னா என்ன ஆயிருக்கும்? மரம் வெட்டுறவன் வந்திருப்பான். அதுக்கு இது தேவலையா இல்லையா?"

தேவலை. பக்கத்துத் தீவான சாவோ தோமேயில் எண்ணெய்ப்பனைத் தோட்டம் எவ்வளவு காட்டைத் தின்றது என்று பார்த்தாலே தெரியும். விடுதிகள் நூற்றுக்கணக்கானோருக்கு வேலை கொடுத்தன. 2025-இல் இன்னும் ஒருபடி போனார்கள். இயற்கையைக் காப்பாற்ற ஒப்புக்கொள்ளும் மக்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பங்குத்தொகை. ஏறக்குறைய 3,000 பேர் சேர்ந்தார்கள். முதல் தவணை தலைக்கு 816 யூரோ. விதிமீறி மரம் வெட்டினால் தொகை குறையும். கோகோவுக்கு முதுகு கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் காடு சம்பளம் கொடுக்கிறது. இதைக் கேலிசெய்ய எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் ஒரு கேள்வி நிற்கிறது. உபுண்டு சமூகத்தில் ஷட்டில்வொர்த்துக்கு ஒரு வேடிக்கைப் பட்டம் உண்டு: 'தன்னைத் தானே நியமித்துக்கொண்ட, கருணையுள்ள, ஆயுட்கால சர்வாதிகாரி'. நாங்கள் சிரித்தோம். ஏனென்றால் பயமில்லை. 2011-இல் யூனிட்டி என்ற புது முகப்பை எல்லோர் தலையிலும் கட்டினார். பிடிக்காதவர்கள் மின்ட்டுக்குப் போனார்கள். மின்ட் உபுண்டுவில் இருந்தே பிரிந்து வளர்ந்தது. எடுத்துக்கொள், மாற்றிக்கொள், பிரிந்துபோ. அந்த உரிமை உரிமத்திலேயே எழுதியிருக்கிறது. சர்வாதிகாரி கருணையாக இருப்பது அவர் குணத்தால் மட்டும் அல்ல, நாங்கள் வெளியேற முடியும் என்பதாலும்தான்.

தீவைப் பிரதி எடுக்க முடியாது. விதியை எழுதுகிறவர், பணத்தைப் போடுகிறவர், விடுதியை நடத்துகிறவர் எல்லாம் ஒரே இடத்தில் இருந்து வரும்போது, அந்தக் கருணை பிடிக்காதவன் எந்தத் தீவுக்குப் போவான்? கருணை களைத்துப்போனால் காட்டுக்கு யார் பொறுப்பு? சுதந்திரம் என்றால் என்ன என்று எனக்குக் கற்றுக்கொடுத்த மனிதரிடமே இதைக் கேட்கவேண்டி வருகிறது. அவர் கெட்டவர் என்பதால் அல்ல. 'எக்வதோர்' நாயகனும் நல்லவன்தான். அந்தக் கதை வடிவத்தில் நல்லவனுக்கு மட்டும்தான் வசனம் இருக்கிறது.

*

வேறு வடிவங்கள் இருக்கின்றன. சாவோ தோமேயில் பிறந்த கொன்செய்சாவ் லிமா 2004-இல் வெளியிட்ட தன் முதல் தொகுப்பில், தீவுகளில் காலனியம் விட்டுப்போனவற்றைக் கணக்குப்பிள்ளை மாதிரி பட்டியல் போடுகிறார். அவர் கவிதையில் நிலக்காட்சிக்கு நினைவு இருக்கிறது. தோட்டத்தைக் காடு மூடினாலும் அடியில் யார் கிடக்கிறார்கள் என்று கேட்கிற குரல் அது. 'எக்வதோர்' பல நூறு பக்கங்களில் தொடாத இடத்தை ஒரே பக்கத்தில் தொட்டுவிடுகிறது.

இன்னொன்று அறிவியல் கட்டுரை. 2022-இல் பிரின்சிப்பியின் தெற்குக் காட்டில் ஒரு புதிய ஆந்தை இனம் விவரிக்கப்பட்டது. உலகத்தில் வேறெங்கும் இல்லை. அதன் பெயர் ஓட்டஸ் பிகெகிலா. பிகெகிலா என்பது தீவுக்காரர் ஒருவரின் பட்டப்பெயர். முன்பு கிளிக்குஞ்சு பிடிக்க மரம் ஏறியவர், பிறகு பூங்காக் காவலர். அறிவியல் கண்ணில் படும் முன்பே அந்த ஆந்தையைப் பற்றி ஆய்வாளர்களுக்குச் சொன்னவர்.

உண்மையிலேயே பழைய காடு என்று நான் ஒப்புக்கொண்டேனே, அந்தத் தெற்குக் காடுதான் இது. அங்கேயும் ஒரு மனிதன் மரத்தில் ஏறியிருக்கிறான். அவன் கைபட்டதால்தான் ஆந்தைக்குப் பெயரே கிடைத்தது. நண்பனுக்கு அந்த ஆந்தையின் படத்தை அனுப்பினேன். "விடுதியில இருந்து பார்த்தா இது தெரியுமாடா?" என்று கேட்டான்.

தெரியாது, கூட யாராவது வந்து காட்டணும் என்று பதில் போட்டேன்.