லிட்டரரி டைஜஸ்ட் கருத்துக்கணிப்பும் பதில் அனுப்பாதவர்களும்

1936ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலையொட்டி லிட்டரரி டைஜஸ்ட் என்ற வார இதழ் நடத்திய கருத்துக்கணிப்பு, புள்ளியியல் பாடநூல்களில் தவறான கணிப்புக்கு முதன்மையான எடுத்துக்காட்டாக இடம்பெறுகிறது. இதழ் ஏறத்தாழ 1 கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டுகளை அஞ்சலில் அனுப்பியது. அவற்றில் சுமார் 23 லட்சத்து 76 ஆயிரம் சீட்டுகள் திரும்பி வந்தன. அவற்றை எண்ணி, குடியரசுக் கட்சியின் ஆல்ஃப் லாண்டன், பதவியிலிருந்த ஃபிராங்க்ளின் ரூசுவெல்ட்டை எளிதில் வெல்வார் என்று அறிவித்தது. தேர்தலில் ரூசுவெல்ட் சுமார் 61 விழுக்காடு வாக்குகளைப் பெற்றார். லாண்டன் வென்றவை மெய்ன், வெர்மான்ட் என்னும் இரண்டே மாநிலங்கள். 1920 முதல் 1932 வரை நான்கு தேர்தல்களில் வெற்றியாளரைச் சரியாகச் சொன்ன அந்த இதழ் 1938இல் நின்றுபோனது.

இந்தத் தவறுக்குப் பாடநூல்கள் தரும் விளக்கம் பெரும்பாலும் ஒன்றே. தொலைபேசிப் பட்டியல்களிலிருந்தும் கார் பதிவேடுகளிலிருந்தும் முகவரிகள் எடுக்கப்பட்டன. பெருமந்தக் காலத்தில் இவ்விரண்டையும் வைத்திருந்தவர்கள் வசதியானவர்கள். ஆகவே ஏழைகளின் வாக்கு விடுபட்டது. இது பொய்யன்று. ஆனால் பாதி உண்மைதான், அதுவும் சிறிய பாதி.

சிகாகோ நகரத்துக் கணக்கு இதைக் காட்டிவிடுகிறது. அங்கு இதழ் பதிவுபெற்ற வாக்காளர்களில் மூவரில் ஒருவருக்குச் சீட்டு அனுப்பியது. இதில் கார், தொலைபேசி என்ற வடிகட்டல் இல்லை. பட்டியலில் பெரிய குறை சொல்ல இயலாது. பதில் அனுப்பியவர்கள் சுமார் 20 விழுக்காட்டினர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் லாண்டனை ஆதரித்தனர். தேர்தலிலோ சிகாகோ ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் ரூசுவெல்ட் பக்கம் நின்றது.

பதில் அனுப்பியவர்களும் அனுப்பாதவர்களும் ஒரே வகையினர் அல்லர் என்பதே இதன் பொருள். ஆய்வு முறையியலில் இது பதிலின்மைச் சார்பு எனப்படும். ஆட்சியின் மீது கோபம் கொண்டவருக்குச் சீட்டை நிரப்பி அஞ்சலில் சேர்க்கும் முனைப்பு மிகுதி. இருப்பதே போதும் என்றிருப்பவர் அதை மேசையில் போட்டு மறந்துவிடலாம். ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். 100 பேருக்குச் சீட்டு போகிறது. 24 பேர் பதில் தருகிறார்கள். அவர்களில் 14 பேர் லாண்டன் பக்கம். பேசாத 76 பேரில் 50 பேர் ரூசுவெல்ட் பக்கம் இருந்தால், 100 பேரில் 60 பேர் அவருக்கே வாக்களிப்பார்கள். சீட்டுகளை 5 கோடியாகப் பெருக்கினாலும் இந்தக் கோணல் நிமிராது. எண்ணிக்கை பெருகினால் தற்செயல் பிழை மட்டுமே குறையும்.

மாரிஸ் பிரைசன் 1976இலேயே பட்டியல் விளக்கத்தைப் புள்ளியியல் கட்டுக்கதை என்று சாடினார். பெவரில் ஸ்குவயர் 1988இல், 1937ஆம் ஆண்டு காலப் கணிப்பின் தரவுகளை ஆராய்ந்து, பட்டியலும் பதிலின்மையும் சேர்ந்தே தவறை விளைவித்தன என்றார். சீட்டு பெற்ற அனைவரும் பதில் தந்திருந்தால், குறைபட்ட அந்தப் பட்டியலே ரூசுவெல்ட்டை வெற்றியாளராகக் காட்டியிருக்கும் என்பது அவருடைய முடிவு.

ஸ்குவயரின் சான்றையும் கேள்வியின்றி ஏற்க இயலாது. தேர்தல் முடிந்தபின் யாருக்கு வாக்களித்தீர்கள் என்று கேட்டால், வென்றவர் பெயரைச் சொல்வோர் உண்மையில் அவருக்கு வாக்களித்தவர்களைவிடக் கூடுதலாகவே இருப்பது வழக்கம். வாக்களிக்கவே போகாத சிலரும் போனதாகச் சொல்வார்கள்; வாக்குப்பதிவு ஏடுகளோடு ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வுகள் இதை உறுதிசெய்துள்ளன. இது பதிலளிப்புச் சார்பு. முதல் வகையில் ஆள் விடுபடுகிறார். இரண்டாம் வகையில் ஆள் இருக்கிறார், உண்மை விடுபடுகிறது. ஒன்றை அளக்கப் போகும் கருவியிலேயே மற்றொன்று ஒட்டியிருப்பது இத்துறையின் தொல்லை. ஆயினும் சிகாகோக் கணக்கு யாருடைய நினைவையும் நம்பியதன்று என்பதால், பதிலின்மை குறித்த முடிவு அசையவில்லை.

பட்டியல் விளக்கத்திலேயே நின்றுவிடும் மாணவருக்கு, பட்டியலைத் திருத்தினால் போதும் என்ற எண்ணம் பதிந்துவிடுகிறது. இன்றைய நிலைமை வேறு. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையத்தின் தொலைபேசிக் கணிப்புகளில் பதில் விகிதம் 1997இல் 36 விழுக்காடாக இருந்து 2018இல் 6 விழுக்காடாகச் சரிந்தது. பதில் விகிதம் குறைந்தாலே முடிவு தவறாகிவிடும் என்பதில்லை. கட்சிச் சார்பு போன்ற பல அளவீடுகள் பெரிதும் பிறழவில்லை என்றே அம்மையம் கண்டது. ஆனால் 2012ஆம் ஆண்டு ஆய்வில் ஓர் இடத்தில் இடைவெளி வெளிப்பட்டது. தன்னார்வத் தொண்டு செய்ததாகச் சொன்னவர்கள் பியூ கணிப்பில் 55 விழுக்காடு. பதில் விகிதம் மிக உயர்ந்த அரசு கணக்கெடுப்பில் 27 விழுக்காடு. பிறருக்காக நேரம் ஒதுக்குபவர்களே தொலைபேசியில் கேள்வி கேட்பவருக்கும் நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். வயது, கல்வி ஆகியவற்றைக் கொண்டு எடையிட்டுச் சரிசெய்த பிறகும் அந்த இடைவெளி மூடவில்லை.