இடைநின்றவரிடம் மட்டும் கேட்கப்படும் கணக்கு

கடலூர் தேவனாம்பட்டினத்தில் பெரியார் அரசு கலைக் கல்லூரி. சிதம்பரத்தில் 1929இல் தொடங்கி, 2013இல் அரசின் பொறுப்புக்கு வந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளைகள் வந்து சேரும் இடங்கள் இவை. அவர்களில் ஒருவர் பாதியில் நின்றுவிட்டால், வாங்கிய உதவி என்ன ஆகிறது?

உதவித்தொகை விதியின் நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆதிதிராவிட மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மிகாத குடும்பங்களுக்கு உரியது. 75 விழுக்காடு வருகை வேண்டும். பொதுப்பணம் படிப்புக்கே போய்ச் சேர வேண்டும் என்பதில் தவறில்லை. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் தருகிறது. மகளுக்குச் சீக்கிரம் கல்யாணம் முடிக்க நினைக்கும் வீட்டில், 'படித்தால்தான் பணம்' என்பது அவள் கையில் ஒரு வாதம்.

நம் அரியர் முறைக்கும் ஒரு நன்மை உண்டு. அமெரிக்காவில் ஒரு வகுப்பை விட்டு 12 கிரெடிட்டுக்குக் கீழே இறங்கினால் பெல் என்ற அரசு உதவித்தொகை குறையலாம். பருவத்தில் 60 விழுக்காடு முடியுமுன் முழுதாக விலகினால், பெற்ற அரசு உதவியில் ஒரு பகுதியைத் திருப்ப நேரும். இங்கே ஒரு தாளில் அரியர் விழுந்தவரும் கலைக் கல்லூரியில் அடுத்த பருவத்துக்குப் போய்விடுகிறார்.

சிக்கல், முழுதாக நின்றுபோகிறவருக்குத்தான். போஸ்ட் மெட்ரிக் திட்டத்தின் 2010 விதிகளின்படி, ஆண்டின் நடுவில் படிப்பை விட்டவரிடம் தொகையைத் திரும்பக் கேட்க மாநில அரசுக்கு அதிகாரம் இருந்தது. நோயாலோ எதிர்பாராத வேறு நிகழ்வாலோ ஆண்டுத் தேர்வு எழுத முடியாதவருக்கு, மருத்துவச் சான்றோ வேறு ஆவணமோ காட்டினால் அடுத்த ஆண்டுக்கு உதவியைப் புதுப்பிக்கவும் இடம் இருந்தது. ஆனால் அப்பாவின் படகு உடைந்து, நான்கு மாதம் கூலி வேலைக்குப் போன பையனை எண்ணிப் பாருங்கள். அவன் எந்த ஆவணத்தைக் காட்டுவான்? கல்லூரிக் கட்டணமும் திரும்பாது: 2018ஆம் ஆண்டு யுஜிசி அறிவிப்பின்படி, சேர்க்கையின் கடைசி நாள் கழிந்து 30 நாளுக்குமேல் ஆனால் ஒரு ரூபாயும் கிடையாது.

இதனோடு வரிச் சலுகையை ஒப்பிட்டால் ஏற்றத்தாழ்வு வெளிப்படும். வருமான வரிச் சட்டம், பழைய வரிமுறையைத் தேர்ந்தவர் கல்விக் கடனுக்குக் கட்டும் வட்டியை எட்டு ஆண்டுவரை வருமானத்தில் கழிக்க விடுகிறது. பிள்ளை பட்டம் வாங்கினானா என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. பிள்ளைகளின் கல்விக் கட்டணத்துக்கான வரிச் சலுகையும் அப்படியே. வங்கிகள்கூடப் பொறுக்கின்றன: இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கடன் திட்டம், குறித்த காலத்தில் படிப்பை முடிக்காதவருக்கு இரண்டு ஆண்டுவரை நீட்டிப்புத் தர இடமளிக்கிறது.

வரி கட்டும் வீட்டுக்குக் கிடைக்கும் இந்தப் பொறுமை, வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாத வீட்டுக்குக் கிடைப்பதில்லை. வருகை விதி இருக்கட்டும். வறுமையால் ஒரு பருவம் தவறியவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்காமல், அடுத்த ஆண்டு விட்ட இடத்திலிருந்து தொடர வழி வேண்டும். அதை அதிகாரியின் விருப்பத்துக்கு விடாமல் விதியாகவே அரசு எழுத வேண்டும்.